மருத்துவக் கல்வியும் கடன் ஏடும்

மனிதன் கற்கும் கல்விகளுள் காலமும் பொருளும் மிகுதியாக வேண்டுவது மருத்துவக் கல்வி. பிற துறைகளில் மூன்றாண்டோ நான்காண்டோ பயின்றவர் தொழிலில் அமர்ந்து வீட்டுக்குப் பணம் அனுப்பத் தொடங்கும் வேளையில், மருத்துவ மாணவர் இன்னும் வீட்டாரிடமிருந்து பணம் பெற்றுக்கொண்டிருப்பார். இளநிலைப் படிப்புக்கு ஐந்தரை ஆண்டு. முதுநிலை வேண்டுமெனின் மேலும் மூன்றாண்டு. இந்நெடிய இடைக்காலத்தில் அவருடைய உணவுக்கும் நூலுக்கும் உறைவிடத்துக்கும் பொறுப்பேற்பவர் யார் என்னும் வினா பழமையானது. ஒவ்வொரு காலமும் அதற்கு ஒவ்வொரு விடை கண்டிருக்கிறது. அவ்விடைகளை நிரல்படக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது பழைய ஏடுகளோடு நின்றுவிடும் ஆராய்ச்சியும் அன்று. கரிசல் மண்ணையும் தீப்பெட்டித் தொழிலையும் பட்டாசுத் தொழிலையும் நம்பி வாழும் எங்கள் சாத்தூர் வட்டாரத்தில், குடும்பத்தின் முதல் மருத்துவர் எனத்தக்க பிள்ளைகள் இன்று கல்லூரி வாயிலை மிதிக்கின்றனர். அவர்களுக்கு முன்னரே அவர்களுடைய கடன் அங்கே போய்ச் சேர்ந்து விடுகிறது. அக்கடனை எவ்வாறு அறிந்து, எவ்வாறு அடக்கி ஆள்வது என்பது பல வீடுகளின் அமைதியைத் தீர்மானிக்கும் செய்தியாகிவிட்டது.

ரொட்டி சுடுபவரின் மைந்தர்

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மிஸ்று நாட்டில் புகழ்பெற்று விளங்கிய மருத்துவர் அலீ இப்னு ரிள்வான். ஜீஸா என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையார் அடுப்படியில் ரொட்டி சுட்டுப் பிழைத்த ஏழை. இப்னு ரிள்வான் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வைத்தார். மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ, தமது பெருநூலில் அக்குறிப்பை எடுத்தாண்டமையால் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. பொருளின்றி மருத்துவம் பயின்ற ஒரு மாணவரின் வரவு செலவை அவர் வாயாலேயே கேட்கும் அரிய வாய்ப்பு அது.

பத்து வயதில் அவர் தலைநகர் சென்றார். பதினான்கு வயது நிறைந்தபின் மருத்துவமும் தத்துவமும் பயிலத் தொடங்கினார். கையில் காசில்லை, ஆகவே படிப்பு மிகக் கடினமாயிற்று. ஒரு காலத்தில் சோதிடம் பார்த்தும், ஒரு காலத்தில் வைத்தியம் செய்தும், ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் பொருளீட்டினார். பெரிய ஆசிரியரிடம் ஊதியம் கொடுத்துப் பயிலும் வசதி அவருக்கு வாய்க்கவில்லை. நூல்களையே ஆசிரியராகக் கொண்டார். பின்னாளில் பக்தாதிலிருந்து வந்த இப்னு புத்லான் என்னும் மருத்துவர் அவரோடு வாதிட்டபோது, ஆசிரியரிடம் கல்லாமல் ஏட்டில் கற்றதையே குறையாக எடுத்துக் காட்டினார். வறுமை அவருடைய கல்வியின் வடிவத்தையே மாற்றியிருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

முப்பத்திரண்டாம் வயதளவில்தான் அவர் மருத்துவராகப் பெயர் பெற்றார். அதன்பின் வருவாய் தேவைக்கும் மேற்பட்டது. பணம் வந்த பின்னர் அவர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கஞ்சத்தனமும் ஊதாரித்தனமும் இரண்டும் விலக்கி நடுவழியில் செலவிட்டார். உறவினர்க்கும் எளியவர்க்கும் ஒரு பகுதி ஒதுக்கினார். மிஞ்சியதைக் கொண்டு நகரில் சொத்து வாங்கி, முதுமையில் உழைக்க முடியாத காலத்துக்கு அதன் வருவாய் உதவும் என்று கருதினார். நிச்சயமற்ற வருவாயில் பன்னெடுங்காலம் தத்தளித்த ஒருவர், நிச்சயமான வருவாயின் அருமையை உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

ஆயினும் அவருடைய முடிவு துயரமானது. நாட்டில் கொடும் பஞ்சம் நிலவிய காலத்தில் அநாதைச் சிறுமி ஒருத்தியை எடுத்து வளர்த்தார். அவள் வீட்டிலிருந்த பொன்னையும் பொருளையும், ஏறத்தாழ இருபதாயிரம் தீனார் பெறுமானமுள்ளவற்றை, எடுத்துக்கொண்டு மறைந்தாள். அந்த அதிர்ச்சியில் அவர் அறிவு கலங்கியது என்று வரலாற்றாசிரியர் எழுதுகிறார். இளமையில் இல்லாமையும் முதுமையில் இழப்பும் அவரைத் தாக்கின. பொருளைப் பற்றிய கவலை ஒரு பேரறிஞரின் உள்ளத்தையும் உடைக்க வல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வக்ஃபு காட்டிய வழி

இப்னு ரிள்வான் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், திமிஷ்கு நகரில் இதே வினாவுக்கு வேறொரு விடை கிடைத்தது. முஹத்தபுத்தீன் அத்தக்வார் என்பவர் அய்யூபிய அரசர் அல்ஆதிலின் மருத்துவராக இருந்து பெரும் பொருள் ஈட்டியவர். கண் மருத்துவரின் மகனாகப் பிறந்து, தாமும் கண் மருத்துவராகத் தொழில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தவர். பிள்ளையில்லாத அவர், ஹிஜ்ரி 622இல், அதாவது கி.பி. 1225இல், தம் வீட்டையே மருத்துவப் பள்ளியாக வக்ஃபு செய்தார். வீட்டை மட்டும் கொடுத்துவிட்டு நடத்தும் பொறுப்பை வானத்தின்மேல் போட்டுவிடவில்லை. விளைநிலங்களையும் பிற சொத்துக்களையும் உடன் எழுதி வைத்து, அவற்றின் வருவாயிலிருந்து கட்டடப் பராமரிப்பும் ஆசிரியர் ஊதியமும் மாணவர் உதவித்தொகையும் வழங்கப்பட வேண்டுமென்று விதித்தார். 1230இல் அவர் மறைந்தார், பள்ளி நடந்தது.

அவரிடம் பயின்றோரில் இருவர் பெயர் உலகறிந்தது. ஒருவர் மேலே கூறிய வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ. மற்றொருவர் நுரையீரல் வழியே இரத்தம் செல்லும் பாதையை முதன்முதலில் விளக்கிய இப்னுந் நபீஸ். இப்னுந் நபீஸும் தம் ஆசிரியரின் அடிச்சுவட்டில் நடந்து, 1288இல் மறையும்போது தம் வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்ஸூரி மருத்துவமனைக்கே விட்டுச்சென்றார்.

பக்தாதில் கலீபா முஸ்தன்ஸிர் எழுப்பி 1234இல் திறந்த முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவிலும் ஒரு மருத்துவ ஆசிரியரும் அவரிடம் பயிலப் பத்து மாணவர்களும் அமர்த்தப்பட்டனர். சட்டமும் ஹதீஸும் பயின்றோரைப் போலவே அவர்கட்கும் படியும் உதவிப்பணமும் வக்ஃபிலிருந்து கிடைத்தன. மாணவர் தொகை குறைவுதான். ஆனால் கல்வி முடிந்து வெளியேறும் அந்தப் பத்துப் பேர் எவருக்கும் கடன்பட்டவராக வெளியேறவில்லை என்பதே கருதத்தக்கது.

சென்னையில் ஒப்பந்தமும் உதவித்தொகையும்

சென்னையில் மேனாட்டு மருத்துவக் கல்விக்கான பள்ளி 1835இல் தொடங்கிற்று. கும்பினி அரசு தன் படைக்கும் மருத்துவமனைகளுக்கும் துணை மருத்துவர் வேண்டுமென்று அந்தப் பள்ளியை அமைத்தது. அது 1850இல் சென்னை மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. தொடக்க காலத்தில் அங்குப் பயின்ற பயிற்சி மாணவர்களுக்கு அரசே படி கொடுத்தது. அதற்கு ஈடாக அரசுப் பணியில் அவர்கள் உழைக்க வேண்டியிருந்தது. பணத்தை உழைப்பால் திருப்பும் இம்முறையில் வட்டி இல்லை. ஆனால் விரும்பிய இடத்தில் விரும்பிய தொழில் செய்யும் உரிமையும் இல்லை.

அடுத்த விடை தனிப்பட்டோரின் ஆதரவு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். புதுக்கோட்டை மன்னர் வழங்கிய உதவித்தொகை அவருடைய கல்விக்குத் துணைநின்றது. பின்னர் அவர் சட்டமன்ற உறுப்பினராகிப் பெண்கட்கு இழைத்த கொடுமைகளை எதிர்த்தார். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமானார். ஒரு மாணவிக்கு உரிய காலத்தில் கிடைத்த உதவித்தொகை, ஒரு நாட்டுக்கே வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது எனலாம்.

பட்டப்படிப்புக்குப் பொருளில்லாதவர்க்கு எல்.எம்.பி. என்னும் குறுகிய படிப்பு இருந்தது. காலமும் குறைவு, செலவும் குறைவு. நாட்டுப்புறத்துச் சிற்றூர்களில் பலகாலம் நோய் தீர்த்தவர்கள் பெரும்பாலும் எல்.எம்.பி. மருத்துவர்களே. 1946இல் அறிக்கை தந்த போர் குழு, நாடெங்கும் ஒரே தரமுள்ள மருத்துவர் போதுமென்று பரிந்துரைத்தது. நாளடைவில் குறுகிய படிப்பு மறைந்தது. தரம் உயர்ந்தது என்பது மெய். ஏழை மாணவன் ஏறி வந்த சிறிய ஏணி எடுக்கப்பட்டதும் மெய்.

வேலூரில் 1918இல் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய பள்ளி பின்னர்ப் பெருங்கல்லூரியாயிற்று. அங்கே கிறித்தவத் திருச்சபைகள் தம் மாணவரைப் பரிந்துரைத்து அனுப்பும். படித்து முடித்தவர் குறித்த காலம் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு சமூகம் தன் மருத்துவரைத் தானே உருவாக்கித் தன் ஊருக்கே திரும்பப் பெறும் ஏற்பாடு அது. நாம் கற்றுக்கொள்ளத் தக்க ஏற்பாடும் ஆகும்.

பிடியரிசியும் மகமையும்

எங்கள் வட்டாரத்துக்கு வருவோம். சாத்தூர், வைப்பாற்றின் கரையில் உள்ள பழைய வணிகத்தலம். மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்து 1876இல் இருப்புப்பாதை வந்தபின் பருத்தியும் மிளகாயும் இவ்வழியே கடலுக்குச் சென்றன. காரச் சேவும் வெள்ளரிக்காயும் பேனா நிப்பும் இவ்வூரின் பெயரை நெடுந்தொலைவு கொண்டுசென்றன. மழை பொய்க்கும் மண். ஆகவே தொழிலும் வணிகமுமே வாழ்வு.

வடக்கே விருதுநகரில் நாடார் வணிகர்கள் தம் வாணிகச் சரக்கின்மேல் மகமை என்னும் சிறு தொகையை வசூலித்துப் பொதுப்பணிகட்குச் செலவிட்டனர். 1889இல் அவர்கள் நிறுவிய சத்திரிய வித்தியாசாலையை, வீட்டுக்கு வீடு நாள்தோறும் எடுத்து வைத்த பிடியரிசி தாங்கிற்று. பெருந்தலைவர் காமராசர் பயின்றது அப்பள்ளியில்தான். 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம், படிப்பு முடிந்தபின் திருப்பித் தரவேண்டிய கடனாக மாணவர்க்கு உதவித்தொகை வழங்கிற்று. ஒருவர் திருப்பித் தந்த பணம் அடுத்தவருக்குப் படிப்பாயிற்று. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. அதுவே பின்னர்த் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியாயிற்று. பிடியரிசியில் தொடங்கி வங்கியில் முடிந்த இவ்வரலாற்றில் ஒரு கணக்கப்பிள்ளையின் ஒழுங்கு ஊடுருவி நிற்கிறது: சிறிதாயினும் தவறாது எடு; எழுதி வை; கொடுத்ததைத் திரும்பக் கேட்கத் தயங்காதே.

நம் முன்னோரும் வாளாவிருந்தவர் அல்லர். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் சென்னையில் 1951இல் புதுக்கல்லூரியை எழுப்பிற்று. அதே ஆண்டில் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி தோன்றியது. 1971இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி தொடங்கிற்று. அவர்கள் கட்டடம் எழுப்பினார்கள். அக்கட்டடங்களிலிருந்து வெளிவரும் மாணவனைத் தொழிற்கல்வி முடியும்வரை தாங்கும் சுழல் நிதியை ஊர்தோறும் அமைக்கும் பணி, பின்வந்த நமக்கு விடப்பட்டிருக்கிறது.

அரசின் கதவும் தனியார் வாயிலும்

காமராசர் 1954இல் முதலமைச்சரானார். அதே ஆண்டில் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. 1957இலும் 1962இலும் அவரைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி எங்கள் சாத்தூரே என்பதில் இவ்வூரார்க்கு இன்றும் பெருமை உண்டு. 1959இல் தஞ்சையிலும் 1960இல் கீழ்ப்பாக்கத்திலும் 1965இல் திருநெல்வேலியிலும் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. கட்டணம் குறைவாயிருந்தது, இடமும் குறைவாயிருந்தது. இடம் கிடைத்தவன் விடுதிச் செலவுக்குத் திண்டாடினானே தவிர, கட்டணத்துக்காக நிலத்தை விற்கவில்லை.

1980களின் நடுவில் தமிழகத்தில் தனியார் மருத்துவக் கல்லூரிகள் பெருகத் தொடங்கின. நன்கொடை என்னும் நல்ல சொல் அப்போதுதான் கெட்ட பொருள் பெற்றது. மனமுவந்து கொடுப்பதற்குப் பெயரான அது, வாயிலில் நின்று செலுத்தும் சுங்கத்துக்குப் பெயராயிற்று. 1992இல் தமிழக அரசு நன்கொடை வசூலைத் தடைசெய்யும் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் மோகினி ஜெயின் வழக்கில், இத்தகைய வசூல் கல்வி உரிமைக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கின் தீர்ப்பையொட்டி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் கட்டணம் நிர்ணயிக்கும் குழுக்கள் மாநிலந்தோறும் அமைந்தன. கட்டணம் வெளிச்சத்துக்கு வந்தது, ஆனால் சிறிதாகவில்லை. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் நிற்க, தனியார் கல்லூரியில் அது இலட்சங்களில் ஏறிற்று.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் தமிழகத்தில் நிறைவேறியது. கலந்தாய்வின் தொடக்க நாட்களில் ஒரு வேதனை நிகழ்ந்தது. தேர்வில் தேறித் தனியார் கல்லூரியில் இடம் பெற்ற ஏழைப் பிள்ளைகள் சிலர், கட்டணத்தை எண்ணி அஞ்சி இடத்தையே கைவிட்டுத் திரும்பினர். அதன் பின்னரே அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அந்த நவம்பர் மாதத்தில் வந்தது. கதவைத் திறந்தால் போதாது, உள்ளே நடந்து செல்லும் செலவையும் எண்ண வேண்டும் என்னும் பாடத்தை அரசும் மக்களும் ஒருங்கே கற்ற நாட்கள் அவை.

2022 ஜனவரி 12 அன்று விருதுநகரில் 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சாத்தூர்ப் பிள்ளை வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் மருத்துவக் கல்லூரி வந்தது நம் தலைமுறையின் நற்பேறு. அதற்கு அடுத்த மாதம் உக்ரைனில் போர் மூண்டது. உள்ளூரில் இடம் கிடைக்காமல் அங்குச் சென்று பயின்ற தமிழக மாணவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தால் போதுமென்று திரும்பினர். படிப்பு பாதியில் நின்றது. வாங்கிய கடன் மட்டும் நிற்கவில்லை.

வங்கிக் கடனின் கணக்கு

இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை வகுத்தது. நான்கு இலட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. 2015இல் வந்த அரசு உத்தரவாத நிதியின் துணையால் ஏழரை இலட்சம் வரையும் ஈடின்றி வழங்கும் வழி பிறந்தது. படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை. அதன்பின் பதினைந்து ஆண்டுவரை தவணை நீளலாம். 2009 முதல் குடும்ப ஆண்டு வருமானம் நாலரை இலட்சத்துக்கு உட்பட்டோர்க்குப் படிப்புக் கால வட்டியை நடுவணரசு ஏற்கும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது.

தவணை இல்லாத காலத்தில் வட்டியும் இல்லை என்று நம் வீடுகளில் பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் பிழை. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஆண்டுக்கு ஓர் இலட்சமாக ஐந்து ஆண்டில் ஐந்து இலட்சம் பெறுகிறார் ஒரு மாணவர், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து, தனிவட்டி. வட்டிச் சலுகை அவருக்கு இல்லை என்க. படிப்பு ஐந்தரை ஆண்டும் ஓய்வு ஓராண்டும் கூட்டி ஆறரை ஆண்டு. முதல் இலட்சத்துக்கு வட்டி 65,000, இரண்டாவதற்கு 55,000, மூன்றாவதற்கு 45,000, நான்காவதற்கு 35,000, ஐந்தாவதற்கு 25,000. கூட்டினால் 2,25,000. முதல் தவணை கட்டும் நாளிலேயே ஐந்து இலட்சம், ஏழேகால் இலட்சமாக நிற்கும். அதைப் பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 9,580 ரூபாய். கட்டி முடிக்கும்போது கையைவிட்டுச் சென்றது பதினொன்றரை இலட்சத்தை நெருங்கியிருக்கும். கையில் வாங்கியதோ ஐந்து இலட்சமே.

வங்கிக்கு வெளியே உள்ள கடன் இதனினும் கொடிது. "மூன்று வட்டி" என்று சந்தையில் எளிதாகச் சொல்லுகிறோம். மாதம் நூற்றுக்கு மூன்று என்பது ஆண்டுக்கு முப்பத்தாறு. அதே ஆறரை ஆண்டில் ஓர் இலட்சத்துக்கு வட்டி மட்டுமே 2,34,000 ஆகும். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003இல் வந்தது. ஆயினும் கட்டணம் செலுத்தும் கடைசி நாளன்று கைமாற்றுக்கு ஓடுகிறவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருப்பதில்லை.

எங்கள் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தவணை மாதந்தவறாமல் வரும்; கூலி அவ்வாறு வாராது. மழை பெய்தால் பட்டாசு காயாது. தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். நீதிமன்ற ஆணையொன்று வந்தால் வேலை நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக உயிருக்கே உறுதியில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உழைப்பவரின் கூலியை நம்பி வாங்கும் கடன், அவர் இல்லாதபோது யார் தலையில் இறங்கும் என்பதை வாங்கும் நாளிலேயே பேசி எழுதி வைத்தல் வேண்டும். அதைப் பேசுவது அபசகுனம் என்று கருதுவோர், அந்தச் சுமையை விவரம் அறியாத பெண்கள்மேலும் பிள்ளைகள்மேலும் விட்டுச் செல்கின்றனர்.

மார்க்கம் வகுத்த ஒழுங்கு

திருமறையிலேயே மிக நீண்ட வசனம், பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியதாகும். தவணை குறித்தல், எழுத்தர் நேர்மையோடு எழுதுதல், சாட்சி வைத்தல், சிறு தொகையாயினும் எழுதச் சலிக்காதிருத்தல் ஆகியவற்றை அது விரித்துரைக்கிறது. தொழுகை, நோன்பு பற்றிய வசனங்களும் இத்துணை நீண்டனவல்ல. ஆயினும் நம்மில் அண்ணன் தம்பிக்குக் கொடுப்பதையும், மாமன் மருமகனுக்குக் கொடுப்பதையும் எழுதினால் உறவு முறியுமென்று விட்டுவிடுகிறோம். எழுதாமையால் முறிந்த உறவுகளே மிகுதி என்பதை ஜமாஅத் பஞ்சாயத்துகளில் அமர்ந்தவர் அறிவர்.

கடனோடு இறந்த ஒருவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) தாமே ஜனாஸாத் தொழுகை நடத்த முன்வராமல் நின்றதும், அபூகத்தாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் நாமறிந்த வரலாறு. கடனின் கடுமையை அது உணர்த்துகிறது. அங்கே பொறுப்பேற்க ஒருவர் முன்வந்தார் என்பதையும் மறத்தலாகாது. ஜகாத்துக்கு உரிய எட்டு வகுப்பாருள் கடன்பட்டோரும் ஒரு வகுப்பார். இடர்ப்பட்ட கடனாளிக்கு அவகாசம் தருவதையும், இயலுமாயின் விட்டுக் கொடுப்பதையும் திருமறை போதிக்கிறது. வட்டி விலக்கப்பட்டது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆகவேதான் ஒரு மாணவனைப் பார்த்து "வங்கிக்குப் போகாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, அழகிய கடன் தருவதற்கு ஊரில் எவரும் இல்லாதிருப்பது நமக்குப் பொருந்தாது. வேறு வழியற்ற நெருக்கடியில் நிற்பவர் தம் நிலையை முழுமையாக எடுத்துரைத்துத் தகுதிவாய்ந்த ஆலிம்களிடம் விளக்கம் பெறட்டும். அந்த நெருக்கடி நேராதபடி நிதி அமைப்பது ஜமாஅத்தாரின் கடமை. நூறு குடும்பங்கள் மாதம் நூறு ரூபாய் எடுத்து வைத்தால் ஆண்டில் 1,20,000 ரூபாய் சேரும். அரசுக் கல்லூரியில் இடம் பெற்ற ஒரு பிள்ளையின் கட்டணமும் விடுதிச் செலவும் பெரும்பாலும் அதில் அடங்கும். தொழிலில் அமர்ந்தபின் அவர் திருப்பித் தரத் தொடங்கினால், அடுத்த பிள்ளைக்கு வழி பிறக்கும்.

இவ்விடத்தில் கசப்பான ஒன்றையும் கூறியாக வேண்டும். டாக்டர் மாப்பிள்ளைக்குக் கைக்கூலி மிகுதியாகக் கேட்கப்படுகிறது. படிக்க வைத்த கடனை அடைக்க வேண்டாமா என்று தந்தைமார் நியாயம் பேசுகின்றனர். மஹர் கொடுத்து மணக்க வேண்டியவர், மணப்பெண்ணின் தந்தையிடம் தம் கல்விக் கடனை இறக்கி வைக்கிறார். அந்தத் தந்தை வேறிடத்தில் கடன் வாங்குகிறார். கடன் அடைபடவில்லை, வீடு மாறியிருக்கிறது, அவ்வளவே. மகளை மருத்துவராக்கிய தந்தையின் நிலை இன்னும் விந்தையானது. அவர் படிப்புக்கும் கடன்படுகிறார், கைக்கூலிக்கும் கடன்படுகிறார். கடன் வாங்கும்போது திருமணத்தை வருவாய்க் கணக்கில் எழுதும் வழக்கம் ஒழிந்தாலன்றி மருத்துவப் படிப்பு நம் குடும்பங்களுக்கு நலம் தராது.

மாணவர் கைக்கொள்ள வேண்டியவை

இனி மாணவருக்கு நேரே சில சொல்வோம். முதலாவது, பெற்றோர் எங்கெங்கே, எவ்வளவு, என்ன வட்டிக்கு வாங்கினர் என்பதை மாணவர் முழுமையாக அறிய வேண்டும். பிள்ளையின் மனம் கலங்கும் என்று மறைப்பது பாசமாகத் தோன்றும். அறியாத கடனை அடக்கியாள எவராலும் இயலாது. நகை அடகின் தேதி, வங்கிக் கணக்கின் நிலுவை, உறவினர் கைமாற்று ஆகிய மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை தந்தையும் பிள்ளையும் சேர்ந்து பார்ப்பது நன்று.

இரண்டாவது, இலவசமாகக் கிடைப்பதை முதலில் தேட வேண்டும். கல்வி உதவித்தொகை, வட்டிச் சலுகை, சிறுபான்மையோர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடன் ஆகியவற்றின் நிபந்தனைகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பவருக்கே அவை பயன்படும். கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்து வரிசையில் நிற்பவருக்கு அவை கிட்டுவதில்லை.

மூன்றாவது, விடுதி வாழ்க்கையின் சிறு செலவுகள். எலும்புத் தொகுதியும் பாடநூல்களும் மூத்த மாணவரிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். படித்து முடித்தபின் அடுத்தவருக்கு விற்கலாம். நூலகத்தில் இருக்கும் நூலை வாங்க வேண்டுவதில்லை. வசதியுள்ள நண்பரின் உடையையும் ஊர்தியையும் பார்த்துத் தன் செலவை அளப்பவர் ஒருநாளும் கணக்கை நேர் செய்ய மாட்டார். நாள்தோறும் படுக்குமுன் ஐந்து நிமிடம் செலவை எழுதும் பழக்கம், பின்னாளில் நோயாளியின் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதும் கைக்கும் பயிற்சியாகும்.

நான்காவது, சலுகையில்லாத கடன் எடுத்தவர் படிக்கும்போதே இயன்றதைச் செலுத்தி வரவேண்டும். மேலே காட்டிய கணக்கில் முதலாண்டு வட்டி மாதத்துக்கு ஏறத்தாழ 833 ரூபாய். ஆண்டுக்கு ஆண்டு அது உயரும் என்பது உண்மையே. விடுமுறையில் பாடம் சொல்லிக் கொடுத்தேனும் ஒரு பகுதியைக் கட்டினால், பின்னே நிற்கும் மலை குன்றாகும். பயிற்சி மருத்துவராகும் ஆண்டில் கிடைக்கும் உதவித்தொகையின் முதற்பங்கு கடனுக்கு உரியது, விருந்துக்கு உரியதன்று.

ஐந்தாவது, கடனுள்ள மருத்துவருக்கு வரும் சோதனையை இப்போதே அறிந்துகொள்ள வேண்டும். தேவையற்ற பரிசோதனை எழுதினால் பங்கு கிடைக்கும், குறிப்பிட்ட மருந்தை எழுதினால் பரிசு கிடைக்கும் என்று சொல்லுவோர் வருவர். தவணை நெருங்கும் மாதத்தில் அச்சொல் இனிக்கும். அப்போது அந்த மருத்துவரின் கடனை அடைக்கத் தொடங்குபவர், கரிசல் காட்டிலிருந்து நோயோடு வந்து நிற்கும் கூலித் தொழிலாளி. மருத்துவ மாணவரின் கடன், அவருடைய வீட்டோடு முடிந்துவிடும் தனிச் செய்தியன்று என்று நாம் கூறுவதற்குக் காரணம் இதுவே. கடன் குறைந்த மருத்துவரே அஞ்சாமல் உண்மை பேச வல்லவர்.

கெய்ரோவின் இப்னு ரிள்வானுக்கு உதவ அன்று எவரும் இல்லை. தம் உழைப்பால் மேலேறினார். திமிஷ்கின் அத்தக்வார் தாம் ஈட்டியதைப் பின்வருவோர்க்கு எழுதி வைத்தார். விருதுநகர்த் தாய்மார்கள் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தனர். இம்மூன்றும் நம் வீடுகளில் ஒருங்கே நிகழ முடியாதவை அல்ல. மாணவர் கணக்கு எழுதட்டும். பட்டம் பெற்றவர் தாம் பெற்றதைத் திருப்பட்டும். ஊரார் மாதந்தோறும் ஒரு பிடியை ஒதுக்கட்டும். அடுத்த ஆண்டு கலந்தாய்வுக்குச் செல்லும் சாத்தூர்ப் பிள்ளை, கட்டணத்தை எண்ணி அஞ்சித் திரும்பாதிருக்க இவை போதும்.